ஹெல்மெட் இன்டர்காம்: அட்டைப்பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்

காரவள்ளியில் தொடங்கி கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். போன ஐப்பசியில் மூன்று வண்டிகளில் கிளம்பினோம். என் ஹெல்மெட்டில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய புளூடூத் இன்டர்காம். அட்டையில் கொட்டை எழுத்தில் ‘1000 மீட்டர்’ என்று போட்டிருந்தது. பத்து வளைவு தாண்டுவதற்குள் முன்னால் போன நண்பனின் குரல் கரகரத்து அறுந்துவிட்டது. அவன் என் தலைக்கு மேலே, அடுத்த வளைவில்தான் போய்க்கொண்டிருந்தான். கத்திக் கூப்பிட்டால் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கருவி அதோடு சரி.

கடைக்காரர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணி பட்டிருக்கே சார், வாரண்டி வராது” என்றார். அதே அட்டையின் பக்கவாட்டில் ‘ஐபி67’ என்று அச்சடித்திருந்தது. அந்த 6 தூசி உள்ளே புகாது என்பதற்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கு. அப்படி எழுதி விற்ற பொருளை மழையில் நனைந்தது என்று கைகழுவ முடியாது. அட்டையில் அச்சாகும் எண், காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் போர்டு மாட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது.

தூரக் கணக்குக்கு வருவோம். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அந்த அலை பாறையைத் துளைக்காது. ஈர மரமும் மனித உடம்பும்கூட அதை விழுங்கும். 1000 மீட்டர் என்பது வெட்டவெளியில், ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கிற நிலையில் கிடைக்கும் தூரம். ஊருக்குள்ளும் மலையிலும் அதில் பெரும்பகுதி போய்விடும். நாலைந்து பேர் சேர்ந்து போகும்போது சாதாரண புளூடூத் சங்கிலி போல ஒருவர் வழியாக அடுத்தவரைப் பிடிக்கிறது. நடுவில் ஒருவர் டீ குடிக்க நின்றுவிட்டால் பின்னால் வருபவர்களுக்குப் பேச்சு அறுந்துபோகும். ‘மெஷ்’ வகையில் மற்றவர்கள் தாமாகவே மறுபடி இணைந்துகொள்வார்கள். விலையும் பல மடங்கு. பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு மட்டும் பேச நினைப்பவருக்கு மெஷ் வீண்செலவு. குழுவாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனியின் கருவியை வாங்குவது நல்லது. ஒரு கம்பெனி மெஷ் இன்னொன்றோடு பெரும்பாலும் ஒட்டாது.

எனக்குப் பெரிய பயம் ஹெல்மெட்டைப் பற்றித்தான். ஸ்பீக்கரைப் பொருத்தும்போது, “காதுகிட்ட தெர்மாகோல் இடிக்குது, கொஞ்சம் செதுக்கிடட்டுமா?” என்று கடைப் பையன் கேட்பான். விடாதீர்கள். விழும்போது நசுங்கி, தலைக்கு வரும் அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஓட்டில் துளை போடுவதும் வேண்டாம். காதுக்குக் குழி விட்ட ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே குற்றம். முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால், அது அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு விரல்கடை விலகினாலும் சத்தம் குறையும், நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல் மட்டுமே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பாட்டு வேறு.

போலீஸ் பிடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184, ஆபத்தான ஓட்டுதல் பட்டியலில் சொல்வது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை. முதல் முறைக்கு அபராதம் 1000 முதல் 5000 ரூபாய் வரை, சிறைக்கும் இடமுண்டு. ஹெல்மெட்டில் பொருத்திய இன்டர்காம் கையில் பிடிப்பதல்ல. ஆனால் ஓட்டிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்துத் தடவினால் இந்தப் பிரிவு பாயும். கை சும்மா இருந்தாலும் மனசு அழைப்பில் இருக்கும் என்பதால், நான் வண்டி ஓடும்போது போன் அழைப்பை எடுப்பதில்லை. கூட வருபவர்களோடு “பள்ளம்”, “லாரி வருது” என்பதோடு சரி.

தூரம் அதிகம் கிடைக்கும் என்று வாக்கி டாக்கி பக்கம் போகிறவர்களும் உண்டு. உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் இயங்குவதை ஆன்லைனில் பார்த்து வாங்கிவிட்டால் சிக்கல் உங்களுக்கு. இப்படிப்பட்ட விற்பனையைக் கட்டுப்படுத்தவே 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மின்வணிகத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஏமாந்துவிட்டால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

1915-இல் புகார் பதிந்த பிறகு அந்தக் கடை எனக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பில்லோடு, ‘ஐபி67’ என்று அச்சடித்த அட்டையும் கையில் இருந்ததால்தான். அதனால் பெட்டியைக் குப்பையில் போடும் முன், இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.