வாடகைக் காரும் வாழைச்சேனை ஆலையும்

பல்கேரிய நாட்டிலே, 1,400 மீற்றருக்கு மேற்பட்ட மலைமுடியொன்றில், பறக்கும் தட்டுப் போன்ற வடிவில் ஒரு மாளிகை நிற்கின்றது. புஸ்லுஜா என்பது அதன் பெயர். பொதுவுடைமைக் கட்சி 1981ஆம் ஆண்டு திறந்துவைத்த அம்மாளிகை, 1989இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் கைவிடப்பட்டது. கூரை சிதைந்தது. எனினும் அதனைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் குறைந்த வாடகைக்குக் காரெடுத்து மலையேறுகின்றனர். அதன் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2019இல் அமெரிக்காவின் கெற்றி அறக்கட்டளை நிதியும் வழங்கியது.

இலங்கை பொதுவுடைமை நாடாக இருந்ததில்லை. ஆயினும் அரசே ஆலைகளை நிறுவி நடத்திய காலம் இங்கும் உண்டு. 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் அதற்கு உருவங் கொடுத்தது. ஒறுவளை உருக்காலையும் களனி ரயர்த் தொழிற்சாலையும் சோவியத் உதவியுடன் 1960களில் எழுந்தவை. அவற்றிற்கும் முற்பட்டது வாழைச்சேனைக் காகித ஆலை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த நாளில் திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் அது இயங்கத் தொடங்கியது. வயலில் எஞ்சும் வைக்கோல் அங்கே காகிதமாயிற்று. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களில் அக்காகிதத்தின் அருமையை நாடு உணர்ந்தது. ஆலைக் கழிவுநீர் வாவியை மாசுபடுத்தியதையும் மறைத்தலாகாது. மீனவருக்கு அது பெருந்துன்பம். போர்க்காலத்தில் உற்பத்தி தளர்ந்தது. பின்னர்க் கழிவுக் காகிதத்தைக் கொண்டு ஆலையை மீண்டும் இயக்க முயற்சிகள் நடைபெற்றன.

வெளிநாட்டிலிருந்து வருவோர் விமான நிலையத்திலேயே கார் எடுத்தல் வீண்செலவு. 1928 முதல் மட்டக்களப்புக்குப் புகைவண்டி உண்டு. அதில் வந்திறங்கி, அங்கிருந்து மட்டும் கார் அமர்த்தினால் வாடகை பெரிதுங் குறையும். தாமே ஓட்ட விரும்புவோர் அனைத்துலகச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்திருப்பதோடு, அதற்கு இலங்கையின் அங்கீகாரத்தையும் பெறல் வேண்டும். வாகனம் இடப்புறமாகச் செல்லும் நாடு இது என்பதை ஐரோப்பாவில் ஓட்டிப் பழகியோர் மறத்தலாகாது. முற்பணம், காப்புறுதி, நாளொன்றுக்குரிய கிலோமீற்றர் வரம்பு ஆகிய மூன்றையும் முதலிலேயே கேட்டறிதல் நன்று. மலிவென்று தோன்றும் வாடகை இம்மூன்றினாலேதான் ஏறிவிடுகின்றது. சாரதியுடன் அமர்த்துவது பெரும்பாலும் கவலையற்ற வழி.

மட்டக்களப்பிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றரில் வாழைச்சேனை. ஓட்டமாவடிப் பாலங் கடந்து மேலும் சென்றால், கிழக்கே கடல் அண்மித்துவர, மாங்கேணி. முன்னாளில் இவ்வழியே திருகோணமலைக்குச் சென்றோர் 'பாதை' எனப்படும் மிதவைகளில் ஆறுகளைக் கடந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அக்காட்சியும் அருகிப்போயிற்று.

தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடங்களையே இயல்பாகப் பேணுகின்றது. நூறாண்டு கடந்தவற்றைப் பாதுகாக்கவும் பிற்காலத்தில் வழி செய்யப்பட்டது. காகித ஆலைக்கோ நூறு நிறைய இன்னும் பல்லாண்டு உண்டு. அதற்குள் இயந்திரங்கள் பழைய இரும்பாக விலைபோனால் தடுப்பதற்கு இச்சட்டத்தில் வழியில்லை.

ஆலை அரசுடைமை, அனுமதியின்றி உட்செல்லல் இயலாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டல் வேண்டும். கிடையாவிடினும், ஆலையில் உழைத்த முதியோரை அயலூர்களில் தேடிக் காணலாம். அவர்களோடு பேச இரண்டு மணி நேரமாவது தேவை. அதனைச் சாரதிக்கு முன்னரே சொல்லிவைத்தால், காத்திருப்புக் கூலி பற்றிய தகராறும் எழாது.