புகையானைப் பட்டினி போட்ட கோயில்கள்

டெல்டா விவசாயிக்குப் புகையானை யாரும் விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும். வயலில் இறங்கி, தூரை விலக்கி, தண்டின் அடியை விரலால் தட்டினால் எள்ளைத் தூவியதுபோலப் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் உதிரும். அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுவதுதான் அவற்றின் வேலை. சில நாட்களில் வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு தீய்ந்துபோகும். வட்டம் விரியும். பக்கத்து வட்டத்தோடு சேர்ந்துவிட்டால் அந்த வயலில் அறுக்க ஒன்றும் மிஞ்சாது.

1970களில் ஆசியாவின் நெல் வயல்களை இந்தப் பூச்சி உலுக்கியது. 1973-74இல் கேரளத்தின் குட்டநாடு அதில் சிக்கித் தவித்தது. அதே பத்தாண்டில் இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் புகையான் புகுந்தது. அங்கே அதற்கு முழு விடை பூச்சியியல் துறையிடமும் இல்லை, நீர்ப்பாசனத் துறையிடமும் இல்லை. விடையில் ஒரு பெரும்பங்கு கோயிலில் இருந்தது. அதை மற்றவர்களுக்குப் புரியவைக்க ஒரு மானிடவியலாளரும் ஒரு சூழலியலாளரும் ஒரே கணினி முன் உட்கார வேண்டியிருந்தது. துறைகள் சேர்ந்து ஆராய வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றனவே, அப்படிச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தண்ணீரைப் பங்கு வைக்கும் கட்டை

பாலி எரிமலைத் தீவு. ஆறுகள் ஆழமான பள்ளங்களில் ஓடுகின்றன. வயல்களோ மேலே, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்திருக்கின்றன. அதனால் ஆற்றின் மேற்பகுதியிலேயே தண்ணீரைத் தடுத்து, பாறையைக் குடைந்து, சுரங்க வாய்க்கால் வழியே வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அதன் தடம் இருக்கிறது. தலைவரை பெகாசே என்பார்கள். முறை தவறியவருக்கு அபராதம் உண்டு. நம் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையும் குடிமராமத்தும் ஒரே சங்கத்தில் சேர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். அதில் இரண்டோ மூன்றோ வெட்டுவாய்கள். பங்குக்கு ஏற்றபடி ஒவ்வொரு வெட்டுவாயின் அகலமும் மாறும். ஆற்றில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. திருகிக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் வரப்பில் குனிந்து, தன் பங்கு சரியாக வருகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வயலில் சிறு கோயில், அணைக்கட்டில் ஒரு கோயில், பல சுபாக்குகளுக்குப் பொதுவாக இன்னொரு பெரிய கோயில் என்று இவை அடுக்கடுக்காக ஏறிப்போகும். உச்சியில், பாத்தூர் எரிமலை ஏரியின் தெய்வமான தேவி தானுவின் கோயில். 1926இல் எரிமலை வெடித்தபோது ஊரும் கோயிலும் புதைந்துபோயின. மக்கள் எரிமலை வாயின் விளிம்புக்கு ஏறி, கோயிலை அங்கே மறுபடி கட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சுபாக்குகள் அந்தக் கோயிலுக்குக் காணிக்கை செலுத்துகின்றன. புதிதாக வாய்க்கால் வெட்டுவதென்றாலும் தண்ணீர்த் தகராறு என்றாலும் அங்கே தலைமைப் பூசாரி ஜெரோ கெதேயின் முன் போய் நிற்கிறார்கள்.

பொதுக்கோயில்களில் கூடும் பெகாசேக்கள் வழிபாட்டோடு இன்னொன்றையும் முடிவுசெய்வார்கள்: இந்தப் போகத்தில் எந்தச் சுபாக் எப்போது நடவு தொடங்குவது, எந்த வயல்கள் எப்போது தரிசாகக் கிடப்பது. 210 நாள் கொண்ட பாலிப் பஞ்சாங்கமும் இதற்குக் கைகொடுக்கும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது பூசையாகவும் படையலாகவும் மட்டுமே தெரிந்தது.

பசுமைப் புரட்சி வந்த வேகம்

1960களின் இறுதியில் இந்தோனேசியா அரிசியைப் பெருமளவில் வெளியிலிருந்து வாங்கும் நாடு. விளைச்சலைப் பெருக்க ‘பிமாஸ்’ என்ற அரசுத் திட்டம் நடந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள், உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக விவசாயிக்கு வந்தன. 1970களின் தொடக்கத்தில் அது பாலிக்கும் வந்தது. கோயில் தேதிக்குக் காத்திருக்காதே, முடிந்தபோதெல்லாம் நடு என்பதுதான் அறிவுரை. பசித்த நாட்டின் அரசு அப்படிச் சொன்னதில் தவறு காண எனக்கு மனமில்லை. முதலில் விளைச்சல் கூடவும் செய்தது.

பிறகு தண்ணீர் முறை குலைந்தது. ஆளுக்கொரு நாளில் நட்டதால் எந்நேரமும் எங்காவது ஒரு வயலில் இளம்பயிர் நின்றது. புகையானுக்கு வருடம் முழுவதும் விருந்து. மருந்தடித்தார்கள். புகையானைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்தன. புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 36 வந்தது. அதைத் துங்ரோ நோய் பிடித்தது. துங்ரோவுக்கு மாற்றாக இன்னொரு ரகம், அதற்கு இன்னொரு நோய். விதையை மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் நடவுத் தேதியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் பாலிப் பாசனத் திட்டம் தொடங்கியது. பழைய தடுப்புகளைப் பலப்படுத்தி, ஏற்றி இறக்கும் மதகுகளைப் பொருத்தினார்கள். பொறியாளர்கள் திறமையானவர்கள்தாம். ஆனால் அவர்கள் வரைபடத்தில் கோயில்கள் இல்லை. பல இடங்களில் விவசாயிகள் அந்த மதகுகளை இயக்காமல் விட்டு, பழைய விகிதப் பங்கீட்டுக்கே திரும்பினார்கள். பழைய முறையின் தகுதியைத் திட்டம் சரியாக மதிப்பிடவில்லை என்பதை 1988இல் வங்கியின் மதிப்பீடே ஒப்புக்கொண்டது.

உரத்தின் கதை இதைவிட வேதனையானது. எரிமலைப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் ஆற்றுநீரில் பொட்டாசியமும் பாஸ்பரசும் ஏற்கெனவே இருக்கின்றன. வயலுக்கு வயல் தண்ணீர் இறங்கும்போது அந்தச் சத்தும் கூடவே இறங்குகிறது. அதன்மேல் மூட்டை மூட்டையாகக் கொட்டிய உரத்தில் பெரும்பங்கு வாய்க்காலோடு போய் ஆற்றில் கலந்து கடலில் சேர்ந்தது. பாலியின் கரையோரப் பவளப்பாறையை உருளையாகத் துளைத்தெடுத்து 2005இல் ஆராய்ந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையம்போலப் பவளத்திலும் வருட அடுக்குகள் இருக்கும். 1970க்குப் பிந்தைய அடுக்குகளில் நைட்ரஜனின் ஐசோடோப்பு விகிதம் மாறியிருந்தது. ரசாயன உரம் கடலுக்கு வந்ததன் தடயம் அது. வயலில் எடுத்த முடிவு பவளத்தில் பதிவாகிக் கிடந்தது.

தண்ணீரும் பூச்சியும் இழுக்கும் இரண்டு பக்கம்

அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பாலிக் கோயில்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். நடவுத் தேதியைக் கோயில் முடிவுசெய்கிறது என்று அவர் சொன்னதைப் பாசன அதிகாரிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்தார். கடலும் கழிமுகமும் எப்படி இயங்குகின்றன என்பதைக் கணினியில் மாதிரியாக்குவது கிரெமரின் தொழில்.

கணக்கின் மையம் எளிமையானது. ஒரு பெரிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால் புகையானுக்கு உணவும் இல்லை, ஒண்ட இடமும் இல்லை. பட்டினியில் அழியும். பரப்பு சிறிதாக இருந்தால் பக்கத்து வயலுக்குப் பறந்து தப்பித்துவிடும். ஆகவே பூச்சிக்கு, எல்லோரும் ஒன்றாக நடுவது நல்லது. தண்ணீருக்கோ அது ஆகாது. நடவுக்கு முன் சேறடிக்கத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் சேறடித்தால் கடைமடைக்குச் சொட்டு வராது. ஒன்று சேர்த்து இழுக்கிறது, மற்றது பிரித்து இழுக்கிறது. எத்தனை சுபாக்குகள் ஒன்றாக நட்டால் இரண்டும் சமாளிக்கும்?

ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகளைக் கணினியில் ஏற்றினார்கள். மழை, ஆற்று ஓட்டம், பயிர் வளர்ச்சி, பூச்சி பரவல் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு சுபாக்கும் தன்னிச்சையாக நட்டபோது பூச்சி தின்றது. எல்லாம் ஒரே நாளில் நட்டபோது தண்ணீர் போதவில்லை. இடையில் ஓர் அளவில் விளைச்சல் உச்சத்தைத் தொட்டது. அந்த அளவு, கோயில்கள் நடைமுறையில் சேர்த்துவைத்திருந்த குழுக்களின் அளவுக்கு நெருக்கமாக இருந்தது.

எனக்கு அடுத்த சோதனைதான் இன்னும் வியப்பு. கோயிலையே எடுத்துவிட்டார்கள். கண்டபடி நடவைத் தொடங்கவைத்து, ஆண்டு முடிவில் ஒவ்வொரு சுபாக்கும் பக்கத்தில் யார் நன்றாக விளைவித்தார்களோ அவர்கள் முறையைப் பார்த்துச் செய்யட்டும் என்று விட்டார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுக் கணக்கிலேயே, கோயில் வலைப்பின்னலைப் போன்ற கூட்டங்கள் தாமாகவே உருவாகின. மேலிருந்து ஒருவர் வகுத்துத் தராமலேயே இப்படியொரு ஒழுங்கு உருவாக முடியும் என்பதற்கு இது சான்றானது. லான்சிங் இதையெல்லாம் 1991இல் நூலாக்கினார்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்காக ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார்? அவர் நினைத்தால் முதலில் அடைத்துக்கொள்ளலாமே. விவசாயிகளிடமே கேட்டார்கள்: உங்களுக்கு எது பெரிய கவலை, பூச்சியா, தண்ணீர்ப் பற்றாக்குறையா? கீழ்மடையில் தண்ணீர் என்றார்கள். மேல்மடையில் பூச்சி என்றார்கள். கீழே தண்ணீர் கிடைக்காமல் வேறு நாளில் நட்டால், அங்கே வளரும் பூச்சி மேலே ஏறிவரும். அந்தப் பயம் இருக்கும்வரை மேல்மடைக்காரர் தண்ணீரைப் பகிர்வார்.

இந்த ஆய்வை எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மானிடவியலாளர் ஸ்டீபன் ஹெல்ம்ரீச், மாதிரியில் மன்னர்களும் டச்சு ஆட்சியும் வரியும் எங்கே என்று கேட்டார். பழைய பாலியில் ஆட்சியாளர்களுக்குப் பாசனத்தில் இருந்த பங்கை பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்ளின் எடுத்துக்காட்டினார். பூச்சி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற ஊகத்தைச் சற்று மாற்றினாலும் முடிவுகள் மாறுகின்றன என்று மார்கோ யான்சன் 2007இல் காட்டினார். மூன்றும் நியாயமான கேள்விகள். கோயிலைத் தவறே செய்யாத அறிவாகக் கும்பிடுவது, அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதற்கு இணையான பிழை.

இந்தோனேசிய அரசும் வேறொரு வழியில் பாடம் கற்றது. மருந்து அடிக்கும் வயலில்தான் புகையான் பெருகுகிறது என்பதைப் பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர் பிலிப்பைன்ஸ் வயல்களில் நிறுவியிருந்தார். 1986இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. மருந்துக்கான மானியமும் பிறகு நின்றது.

2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஜதிலுவிஹ் படிக்கட்டு வயல்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு விடுதி வேண்டும், விடுதிக்கு நிலமும் தண்ணீரும் வேண்டும். பாலியில் தண்ணீர் ஒரு வயலைத் தாண்டித்தான் அடுத்த வயலுக்கு இறங்குகிறது. மேல் வயல்காரர் நிலத்தை விற்று, வாங்கியவர் சுவர் எழுப்பினால், கீழ் வயலுக்கு வாய்க்கால் அடைபடும். பாதிக்கப்பட்டவர் பெகாசேயிடம் முறையிடலாம். ஆனால் சுவர் எழுப்பியவர் அந்தச் சுபாக்கில் உறுப்பினர் இல்லை. அவருக்கு நடவுத் தேதியும் இல்லை, புகையான் பயமும் இல்லை.