மீன் தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப் வாங்குறீங்களா? பெட்டியில் இருக்கும் நம்பரை மட்டும் பார்க்காதீங்க!

தென்காசி பக்கம் மோட்டார் கடைக்குப் போனால், "எத்தனை அடி ஆழம், அண்ணாச்சி?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். திருமலைக் கோயில் மலையடிவாரத்தில் இருக்கும் பண்பொழியில், வயலுக்கு மோட்டார் போட்ட யாரைக் கேட்டாலும் இது தெரியும். ஆனால் அதே வீட்டில் ஹாலுக்கு நாலடி மீன் தொட்டி வாங்கி, ஆன்லைனில் பம்ப் தேடும்போது இந்தக் கேள்வி மறந்துபோகிறது. காசு வீணாவதும், ஹால் தரை நனைவதும் அங்கேதான் தொடங்குகிறது.

சம்ப் என்றால் என்ன?

பெரிய தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டிதான் சம்ப். மேல் தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். அங்கே ஸ்பாஞ்ச், ஃபில்டர் மீடியா வழியாகப் போய் சுத்தமாகும். குற்றால அருவி மாதிரி, கீழே வருவதற்குக் கரன்ட் தேவையில்லை. மேலே ஏற்றத்தான் ரிட்டர்ன் பம்ப்.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். நன்னீர் மீன்களுக்கு, தொட்டித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 3 முதல் 5 முறை சம்ப் வழியாகச் சுற்றி வந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 1,000 லிட்டர். மீனையும் பார்க்கணும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் 'மிஸ் கேரளா'வுக்கு ஓட்டம் பிடிக்கும். ஃபைட்டருக்குப் பிடிக்காது.

2,000 லிட்டர் பம்ப் 600 லிட்டர் ஆவது எப்படி?

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமலே அளந்தது. உயரம் கூடக் கூட ஓட்டம் குறையும். 'மேக்ஸ் ஹெட்' என்று போட்டிருக்கும் உயரத்தில் சொட்டுத் தண்ணீர்கூட வராது.

சம்ப் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் நீர்மட்டம் வரை 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பம்ப்களின் பெட்டியிலும் 2,000 லிட்டர் என்றே இருக்கிறது.

• மேக்ஸ் ஹெட் 2 மீட்டர்: தோராயமாகக் கிடைப்பது 600 லிட்டர்
• மேக்ஸ் ஹெட் 3 மீட்டர்: தோராயமாகக் கிடைப்பது 1,060 லிட்டர்

நம்பர் ஒன்றுதான், வேலை வேறு. இது நேர்கோட்டுக் கணக்கு. துல்லியமாகத் தெரிய, நிறுவனம் தரும் ஹெட்–ஓட்டம் வரைபடத்தைப் பார்க்கணும். ஒவ்வொரு எல்போவும், ஒல்லியான குழாயும் இன்னும் கொஞ்சம் ஓட்டத்தைத் தின்னும்.

அதுக்காக ராட்சத பம்பும் வேண்டாம். வழிந்து இறங்கும் குழாய் தாங்குவதைவிட அதிகமாக ஏற்றினால், மேல் தொட்டி நிரம்பித் தரையில் கொட்டும்.

கரன்ட் போனால் என்ன ஆகும்?

சாரல் காலத்தில் காற்றடித்து கரன்ட் போவது ஊருக்குப் புதுசில்லை. பம்ப் நின்றதும், ரிட்டர்ன் குழாய் வழியாகவே தண்ணீர் தலைகீழாக இறங்கும். குழாயின் வாய் காற்றைத் தொடும்வரை இது நிற்காது.

மேலே சொன்ன தொட்டியில் 1 அங்குலம் இறங்கினால் சுமார் 14 லிட்டர். குழாய் வாய் 2 அங்குலம் மூழ்கியிருந்தால் 28 லிட்டர். 56 லிட்டர் சம்ப்பில் ஏற்கெனவே 40 லிட்டர் இருந்தால், மிச்ச இடம் 16 லிட்டர்தான். மீதி 12 லிட்டர் உங்கள் ஹாலில்!

குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டால், அதில் காற்று நுழைந்து இறக்கத்தை நிறுத்திவிடும். செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். பாசி சிக்கினால் அது மூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓட்டம் நின்றால் மீனுக்கும் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் குறையும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஏசியா, டிசியா?

ரிட்டர்ன் பம்ப் 24 மணி நேரமும் ஓடும். 40 வாட் பம்ப் இரண்டு மாதத்தில் சுமார் 58 யூனிட் இழுக்கும். இலவச யூனிட்டில் கணிசமான பங்கு இதுக்கே போய்விடும்! 20 வாட் என்றால் 29 யூனிட். டிசி பம்ப் விலை அதிகம். ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பெரும்பாலும் கரன்ட்டும் குறைவு. ஏசி பம்ப் எளிமையானது, விலை குறைவு.

வாங்கிய பிறகு...

• வயரை பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்து விடுங்கள். வயர் வழியே வரும் தண்ணீர் பிளக்கைத் தொடாமல் கீழே சொட்டிவிடும்.
• வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தண்ணீருக்குள் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.
• தண்ணீர் ஆவியாகும்போது பம்ப் இருக்கும் அறையில்தான் மட்டம் குறையும். அங்கே ஒரு கோடு போட்டு, குறைந்தால் ஊற்றுங்கள். பம்ப் காய்ந்து ஓடினால் கருகிவிடும்.

முதல் நாளே நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். தண்ணீர் சம்ப்புக்குள்ளேயே நின்றால், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.