கப்பலேறிய காடு

அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, சிமெண்ட், இரும்புக் கம்பி... அந்தமான் தீவுகளுக்கு வரும் கப்பல்கள் கொண்டுவரும் சரக்குப் பட்டியல் நீளமானது. திரும்பிப் போகும்போது ஏற்ற இருப்பதோ கொஞ்சம் பாக்கு, தேங்காய், கொப்பரை, மீன். ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் கப்பலாக மரம் போனது. தீவுகளின் முதல் பெரிய ஏற்றுமதி அதுதான்.

கைதிகளை அடைக்கத் தீவுகளைப் பிடித்த ஆங்கிலேயருக்கு, காட்டிலும் காசு இருப்பது சீக்கிரமே புரிந்தது. 1883-ல் வனத்துறை வந்தது. அதே ஆண்டு சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையும் வந்தது. செந்நிற படாக் மரம் கடல் கடந்து ஐரோப்பிய மாளிகைகளுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஆலைமீது விழுந்த குண்டு பறித்த பள்ளத்தை இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

வெட்ட ஆள் வேண்டுமே? 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து பழங்குடித் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இன்றும் அவர்களுக்கு 'ராஞ்சி'க்காரர்கள் என்றே பெயர். மரம் இழுக்க யானைகளும் கப்பலில் வந்து இறங்கின. 1960களில் நொடித்துப்போன ஒரு மரக் கம்பெனி விட்டுச்சென்ற யானைகளின் வாரிசுகள் இன்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகவே மாறிவிட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு கோடரி ஓயவில்லை. குர்ஜன் மரத்தை நம்பி பிளைவுட் ஆலைகள் நடந்தன. தீக்குச்சிக்கும் மரம் போனது. 1977-ல் அரசே ஒரு வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் அதிகம் இல்லாத தீவுகளில் கூலி, லாரி, படகு, டீக்கடை எல்லாமே மரத்தைச் சுற்றித்தான்.

ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. மூலப்பொருள் அரசின் காடு. பலகையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் செலவில் பெரும்பகுதிக்கு, 1971-ல் வந்த போக்குவரத்து மானியத் திட்டம் கைகொடுத்தது. லாபமோ பெரும்பாலும் மெயின்லேண்டுக்கு. தீவுக்காரருக்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

முற்றுப்புள்ளி வந்த வழி விசித்திரமானது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளுக்காக 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு தொடர்ந்த வழக்கு, நாடு முழுவதும் உள்ள காடுகளின் வழக்காக விரிந்தது. லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினரின் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்த மனுவும் அதில் சேர்ந்துகொண்டது. உச்ச நீதிமன்றம் 2001-ல் ஷேகர் சிங்கை ஆணையராக நியமித்தது. அவர் அறிக்கையின் அடிப்படையில் 2002 மே 7-ல் உத்தரவு பிறந்தது: தீவுகளுக்கு வெளியே மரம் போகக் கூடாது; உள்ளூர்த் தேவைக்கு மட்டும் வெட்டலாம்; பழங்குடியினர் காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது.

பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. காலங்காலமாக மரத்தை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேறு பிழைப்பு தேடினார்கள். வனக் கழகம் நஷ்டத்தில் மூழ்கி, 2017-ல் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த இடத்தை நிரப்பியது எது? அரசு வேலை, சுற்றுலா, பாக்குத் தோட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், அதில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 15 சதவீதம். விளைபொருளை விற்பவர்களானாலும் கடை நடத்துபவர்களானாலும், இவர்கள் எல்லோரும் கப்பல் அட்டவணையைப் பார்த்தே காலம் தள்ள வேண்டியிருக்கிறது. நிக்கோபாரின் கொப்பரை வியாபாரத்தையோ 2004 டிசம்பர் 26 சுனாமி தென்னையோடு சேர்த்து அடித்துப்போனது.

லாபம் ஒரு பக்கம் இருக்கிறது. தீவுகளின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இன்னும் காடுதான். குடிநீரைத் தேக்கித் தருவதும், பயணிகளை இழுப்பதும் அந்தக் காடே.

இப்போது அடுத்த சோதனை. கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெருந்திட்டம். 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகக் கைமாறும். அது தோல் முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை. ஷாம்பென் பழங்குடியினரின் தீவு.

அன்று தீவின் சரக்கு வெளியே போனது. இனி வெளியாரின் சரக்கு தீவு வழியாகப் போகும். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் கடைத்தெருவுக்கு அதில் என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. மரம் போன காலத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது நல்லது.