ஆட்டமும் படிப்பும்

பெண்பிள்ளை விளையாடப் போனால் படிப்பு கெடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட் இதற்கு வழி காட்டினார்.

1974-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரே. 38 ஆண்டுகளில் 1,098 வெற்றிகள், 8 தேசியக் கோப்பைகள் பெற்றார்.

வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் வீராங்கனைகள் உட்கார வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது. அவரிடம் முழுக்காலமும் ஆடிய மாணவியர் அனைவரும் பட்டதாரிகளாயினர்.

2011-இல் அல்சைமர் மறதிநோய் கண்டபோதும் மறைக்காமல் அறிவித்து, மேலும் ஓராண்டு பயிற்சியளித்தார்.

மகள் விளையாடக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கேட்கும் பயிற்சியாளரா என்று விசாரியுங்கள்.