பட்டை மாட்டியாச்சு, அப்புறம் எதுக்கு ஸ்கேன்?

பிறந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியா உட்காரலைன்னா, தோள்ல இருந்து பாதம் வரைக்கும் ஒரு வார்ப்பட்டை மாட்டுவாங்க. செக் நாட்டு டாக்டர் அர்னால்ட் பாவ்லிக் உருவாக்கினதால அதுக்கு பாவ்லிக் ஹார்னஸ்னு பேர். தொடை எலும்போட பந்து, இடுப்புக் கிண்ணத்துக்குள்ள நிக்கிற மாதிரி காலை மடக்கி விரிச்சு வைக்கும். "மாட்டியாச்சே, திரும்பத் திரும்ப ஏன் ஸ்கேன்?" இன்னைக்கு இந்தக் கேள்விதான்.

அந்த வயசுல பந்து முழுக்க குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில தெரியாது. உள்ளே எலும்பு உருவாக ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் 4 முதல் 6 மாசத்துலதான். அல்ட்ராசவுண்டுல குருத்தெலும்பு நல்லா தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. அதனால சிகிச்சையை அதுலதான் கண்காணிக்கிறாங்க. மூணு சிக்கலை கவனிக்கணும்.

ஒண்ணு, பந்து உள்ளே போகாமலே இருக்கிறது. மூணு, நாலு வாரத்துல ஸ்கேன் அப்படிக் காட்டினா பட்டையை நிறுத்திடுவாங்க. தொடர்ந்து மாட்டினா கிண்ணத்தோட பின்விளிம்பு கெட்டுப்போகும். அடுத்தது மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சேர்த்து மாவுக்கட்டு போடுறது.

ரெண்டு, ரத்த ஓட்டம். காலை அளவுக்கு மீறி விரிச்சா பந்துக்குப் போற ரத்தக்குழாய் நசுங்கி, அந்தப் பகுதி செத்துப்போகலாம். டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டத்தைப் பார்க்க முடியும். ஆனா பாதிப்பு முழுசா வெளிப்பட மாசக்கணக்காகும். அதனாலதான் பட்டை கழட்டின பிறகும், குழந்தை நடக்க ஆரம்பிச்ச பிறகும் எக்ஸ்ரேக்கு வரச் சொல்றாங்க.

மூணு, நரம்பு. தொடையை ரொம்ப மடக்கினா தொடை நரம்பு அழுந்தும். இதை முதல்ல கண்டுபிடிக்கிறது மெஷின் இல்ல, அம்மாதான். குழந்தை முழங்காலை நீட்டி உதைக்கிறதை நிறுத்திட்டா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். சீக்கிரம் பார்த்துச் சரிபண்ணினா பெரும்பாலும் குணமாயிடும். வாரை நீங்களே தளர்த்தவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம்.

ஆத்தூர்ல இருந்து திண்டுக்கல்லுக்கு ஒவ்வொரு தடவையும் கைக்குழந்தையோட பஸ் ஏறினா ஒரு நாள் கூலி போயிடும். 'குழந்தை நல்லாத்தானே இருக்கு'ன்னு நடுவுல விடத் தோணும். ஆனா இந்த மூட்டு வலிக்காமலே கெட்டுப்போகலாம். நொண்டி நடக்கும்போதுதான் தெரியும்.

2013ல தொடங்கின ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலத் திட்டத்தோட பட்டியல்ல இந்த இடுப்புப் பிரச்சினையும் இருக்கு. அதனால பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி போடப் போறப்பவே, "இடுப்பையும் பாருங்க"ன்னு கேளுங்க. பட்டை மாட்டின குழந்தைன்னா, அடுத்த ஸ்கேன் தேதியை தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கோங்க.