மலைநாட்டுச் சாலைகளும் பழைய மோட்டார் எஞ்சினின் ஆயுளும்

பழைய மோட்டார் வண்டியொன்றை விலை பேச வருவோர் முதற்கண் நோக்குவது அதன் மைல்மானியையே. 30,000 மைல் எனக் கண்டால் முகம் மலர்வர். 80,000 எனக் கண்டால் பின்வாங்குவர். ஐந்து இலக்கங்களே கொண்ட அப்பழைய மானி 99,999 மைலைக் கடந்ததும் மீண்டும் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. அஃது ஒருபுறம் இருக்க, மானி காட்டும் எண் முற்றிலும் மெய்யே எனக் கொள்வோமாயினும், அதனைக் கொண்டு எஞ்சினின் எஞ்சிய ஆயுளைக் கணிக்க இயலுமோ? சமவெளியில் ஓடிய வண்டிக்கு ஒருவாறு இயலும். கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை எனத் தேயிலை மலைகளுக்கிடையே விரிந்து கிடக்கும் திம்புள்ளப் பகுதியில் உழைத்த வண்டிக்கு இயலாது என்பதே எமது துணிபு.

இது வெறும் பொழுதுபோக்கு வினாவன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, முன்னர் வந்திறங்கிய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளே பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மீண்டும் உழைத்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை பன்மடங்கு உயர்ந்தது. நள்ளிரவில் நோயாளி ஒருவரைத் தோட்டத்து லயத்திலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு சேர்க்கவேண்டிய வாடகைக் காரின் எஞ்சின் இன்னும் ஈராண்டு தாங்குமா என்பது, காருடையானின் பணப்பையை மட்டும் பொறுத்த வினாவன்று.

எடுத்துக்காட்டாக, நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. 1952 முதல் இதற்கு 803 கனசதமமீற்றர் கொண்ட எஞ்சினும், 1956 முதல் 948 கனசதமமீற்றர் எஞ்சினும், 1962 முதல் 1098 கனசதமமீற்றர் எஞ்சினும் பூட்டப்பட்டன. இவற்றுள் நடுவணதாகிய 948ஐ எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இவ்வெஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முறை சுழலும்போது நான்காம் கியரில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 15 மைல் செல்லும். எனவே ஒரு மைலுக்குச் சுமார் 4,000 சுழற்சிகள். கலைச்சொல் அகராதியார் 'முசலம்' என்றும் கராச்சுக்காரர் 'பிஸ்டன்' என்றும் வழங்கும் உறுப்பு, ஒரு சுழற்சியில் மூன்று அங்குலம் ஏறி மூன்று அங்குலம் இறங்கும். ஆகவே வண்டி ஒரு மைல் செல்லுமிடத்துப் பிஸ்டன் உருளைச் சுவரில் உராய்ந்து செல்லும் தூரம் ஏறக்குறைய 2,000 அடி. வண்டி இலட்சம் மைல் ஓடி முடிக்கையில் எஞ்சின் 40 கோடி முறை சுழன்றிருக்கும். பிஸ்டன் 38,000 மைல் உராய்ந்திருக்கும்.

இது சமவெளிக் கணக்கு. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் சாலையில் நான்காம் கியரை நாடுவார் யார்? மூன்றாம் கியரில் அதே ஒரு மைலுக்குப் பிஸ்டன் 2,800 அடி செல்கின்றது. இரண்டாம் கியரில் 4,700 அடிக்கு மேல், அதாவது வண்டி செல்லும் தூரத்தை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது. தோட்டத்துக் கற்பாதையில் முதற் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டியின் பிஸ்டனோ, வண்டி ஒரு மைல் செல்வதற்குள் ஒன்றே கால் மைலுக்கும் அதிகமாக ஓடிவிடுகின்றது! இறக்கத்திலும் பிறேக்கைக் காப்பாற்றுதற்பொருட்டுச் சாரதி தாழ்ந்த கியரிலேயே இறங்குவான். ஐந்தில் நான்கு பங்கு தூரத்தை மூன்றாம் கியரிலும் ஒரு பங்கை இரண்டாம் கியரிலும் கடக்கும் வண்டி 40,000 மைல் ஓடியிருப்பின், அதன் எஞ்சின் சமவெளியில் 64,000 மைல் ஓடிய எஞ்சினுக்கு ஒப்பானது. நன்கு பேணப்பட்ட அக்கால எஞ்சின் 70,000 முதல் 1,00,000 மைல் வரை பெரும் பழுதின்றி உழைக்கும் என்பது பொதுவாக எதிர்பார்க்கத்தக்கது. அவ்வெதிர்பார்ப்பை மலைநாட்டவர் இவ்விகிதப்படி குறைத்தே கொள்ளல் வேண்டும்.

எனினும் உராய்வைவிடக் கொடிய பகையொன்று உண்டு, அது குளிர். 1930களில் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகள், உருளைத் தேய்வின் பெரும்பகுதி எஞ்சின் சூடேறுமுன் நிகழும் அரிப்பினால் உண்டாவது என்பதைப் புலப்படுத்தின. ஒரு கலன் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கலன் நீர் ஆவியாகப் பிறக்கின்றது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்நீராவி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். குளிர்ந்த உருளையிலோ அது சுவரிற் படிந்து, எரிபொருளிலுள்ள கந்தகம் முதலியவற்றோடு கூடி அமிலமாகி இரும்பைத் தின்னும். போதாக்குறைக்கு, 'சோக்' இழுத்துக் கிளப்பும்போது மிகையாகப் புகும் பெற்றோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, அடியிலுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்கின்றது. தை, மாசி மாதங்களில் உறைபனி காணும் நுவரெலியாவில், விடியற்காலையிற் கிளப்பிப் பங்களாவிலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து தபாற்கந்தோருக்கும் என இரண்டொரு மைல் மட்டுமே ஓட்டி நிறுத்தப்படும் கார், ஒருநாளும் முழுச்சூடு அடைவதில்லை. 'பெரிய துரை மட்டும் ஓட்டிய வண்டி, அதிகம் ஓடவில்லை' எனப் புகழ்ந்து விற்கப்படும் கார் பெரும்பாலும் இவ்வகையினதே. நாடோறும் கொழும்புக்குச் சென்று மீளும் வாடகைக் காரின் எஞ்சின் அதனினும் நலமாக இருத்தல் கூடும்.

இதற்குச் சான்று வேண்டுவோர் அமெரிக்காவில் ஏர்வ் கோர்டன் என்ற அறிவியல் ஆசிரியரை நோக்குக. 1966இல் வாங்கிய வொல்வோ காரை அவர் 2013இல் 30 இலட்சம் மைல் எல்லையைக் கடக்கச் செய்தார். அதன் எஞ்சின் முதன்முறை பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது 6,80,000 மைலிலேதான். நாடோறும் நெடுந்தூரம் பாடசாலைக்குச் சென்று வந்தமையால் எஞ்சின் எப்பொழுதும் சூடாகவே ஓடிற்று. எண்ணெயும் தவறாது மாற்றப்பட்டது. ஆசிரியரது ஒழுங்கு எஞ்சினையும் பற்றிக்கொண்டது போலும்.

வெப்பநாட்டில் தேவையில்லை எனக் கருதி, றேடியேற்றர் நீரின் ஓட்டத்தைச் சூடேறும் வரை தடுத்து நிற்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மிடையே உண்டு. கொழும்பு வெயிலில் அதனால் விளையும் தீங்கு சிறிது. திம்புள்ளை மூடுபனியில் அது பெருந்தவறு. நீர் கொதிப்பதற்கு அஞ்சியே கழற்றுகின்றனர். 6,000 அடி உயரத்தில் நீர் 94 பாகையிலேயே கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து அழுத்தம் தாங்கும் நல்ல றேடியேற்றர் மூடியும் துருவகற்றிய நீர்வழிகளுமே.

உயரம் வேறொரு மயக்கத்தையும் விளைக்கின்றது. நுவரெலியாவிற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆதலால் எஞ்சினின் வலு ஏறத்தாழ அவ்வளவுக்குக் குறையும். காபரேற்றர் தரும் கலவையும் பெற்றோல் மிகுந்ததாகும். மைனரிலுள்ள எஸ்.யு. காபரேற்றரின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாகத் திருகி மேலேற்றிக் கலவையை மெலிவிக்கலாம். இதனைச் செய்யாது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, கரும்புகை கக்குகின்றது என எஞ்சின்மீது பழிசுமத்துவர். இன்னும், உருளைகளின் அழுத்தத்தை மானியிட்டு அளப்பவர், கடல்மட்டத்தில் 120 இறாத்தல் காட்டும் எஞ்சின் நுவரெலியாவில் 96 மட்டுமே காட்டும் என்பதை மறந்து, 'றிங் போய்விட்டது' என்று தீர்ப்புக் கூறுவதும் உண்டு. காட்டும் எண்ணின் பருமையன்று, நான்கு உருளைகளும் தம்முள் ஒத்திருத்தலே நோக்கத்தக்கது. ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின் பிளக்குத் துளைவழி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அழுத்தம் உயர்ந்தால் தேய்ந்தது பிஸ்டன் வளையம், உயராவிடின் பழுது வால்விலாதல் கூடும்.

நீலப்புகையையும் இவ்வாறே ஆராய்ந்து கொள்க. நெடிய இறக்கத்தில் அக்சிலரேற்றரை விட்டு இறங்கும்போது எஞ்சினுள் எழும் வெற்றிட இழுப்பினால் எண்ணெய் வால்வுத் தண்டின் வழியே உறிஞ்சப்படும். கினிகத்தேனையிலிருந்து இறங்கிக் கித்துல்கலையில் மீண்டும் காலை அழுத்துங்கால் ஒருமுறை எழுந்து மறையும் நீலப்புகை, வால்வுச் சீல்கள் கெட்டதன் அறிகுறி, செலவு சிறிது. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது ஓயாது எழும் நீலப்புகையே உருளை தேய்ந்ததைக் காட்டும். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கு நிறுத்தப்பட்டபின் பழைய எஞ்சின்களின் வெளியேற்று வால்வு இருக்கைகள் ஏற்றச் சாலைகளில் விரைந்து தேய்வதும் உண்டு; கடின இருக்கை பதித்தல் அதற்குப் பரிகாரம்.

உருளை தேய்ந்தவிடத்து எஞ்சின் இறந்துவிட்டதோ? இல்லை. தேய்வு ஓரங்குலத்தின் ஆயிரத்தில் எட்டு, பத்துப் பங்கு அளவை எட்டியதும் உருளையைச் சற்றே அகலக் குடைந்து பெரிய பிஸ்டன் இடுவர், இதுவே ரீபோர். ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்னும் படிகளில் இதனைச் செய்யலாம். கிராங்குத்தண்டையும் அதுபோலவே படிப்படியாகத் தேய்த்துச் செப்பனிடலாம். இவ்வின எஞ்சின் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை பூட்டப்பட்டமையால் உறுப்புகளும் முற்றாக அருகிவிடவில்லை. ஆகவே அதன் ஆயுளை ஆண்டாலோ மைலாலோ அளப்பதினும், எஞ்சியுள்ள படிகளால் அளப்பதே பொருத்தமுடைத்து. கடைசிப் படியும் கடந்தவிடத்து ஸ்லீவ் எனப்படும் உள்ளுறையை இறக்கி முதலளவுக்கே மீட்கலாம். அது ஒரு முறைக்கு மேலும் பெறத்தக்க வரமே.

வண்டி வாங்குவோர், உடையவர் இசைவாராயின், எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றுவித்து, பிஸ்டன் உச்சியிற் படிந்த கரியைத் துணியாற் துடைத்து நோக்குக. பெரிய பிஸ்டனாயின் அதன் அளவு அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றுமில்லையாயின் நான்கு படிகளும் கைவசம் உள்ளன. 020 எனக் கண்டால் இரண்டு; 040 எனக் கண்டால் ஸ்லீவுக்கு ஆகும் செலவை விலையிற் கழித்துக்கொண்டு பேசலாம்.